இம்பிளாண்ட்டைச் சுற்றிய ஈறு அழற்சிக்கு லேசர் சிகிச்சை: முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

பல் துலக்கிவிட்டுத் துப்பும்போது இரத்தம் தெரிந்தால், அது இம்பிளாண்ட் (தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் டைட்டானியச் செயற்கைப் பல்வேர்) பொருத்திய இடத்திலிருந்து வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அந்த இடத்து ஈறு சிவந்து வீங்கியிருப்பதும், விரலால் அழுத்தினால் சீழ் கசிவதும், வாயில் கெட்ட சுவை நீடிப்பதும் அழற்சியின் அடையாளங்களே. வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் இதில் நேரும் பெரிய தவறு. இந்த நோய் பெரும்பாலும் வலியில்லாமலேயே எலும்பை அரித்துவிடுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் நம்பும் உப்பு நீரும் கிராம்பு எண்ணெயும் சற்று இதமளிக்கலாம். ஆனால் உலோகத்தில் ஒட்டிய கிருமிப் படலத்தை அவை அகற்றுவதில்லை.

இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் குறுக்காக ஊன்றி, கிருமிகளுக்கு ஒரு தடுப்பாக நிற்கின்றன. டைட்டானியத்தில் அவ்வாறு ஊன்ற இடமில்லாததால் நார்கள் அதை ஒட்டியபடியே ஓடுகின்றன. எனவே அழற்சி ஒருமுறை தொடங்கினால் எலும்புவரை இறங்குவது எளிதாகிறது. அழற்சி ஈறோடு நின்றிருந்தால், அதாவது முதல் நிலையில், முறையான சுத்திகரிப்பிலேயே குணமாகலாம். எலும்பு கரையத் தொடங்கியிருந்தால் அது இரண்டாம் நிலை; நிலைமை வேறு. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஊடுகதிர்ப் படம் இல்லாதபோது, இரத்தக் கசிவுடன் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட ஈறுப்பை (ஈறுக்கும் இம்பிளாண்ட்டுக்கும் இடையிலான இடைவெளி) ஆழமும், 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட எலும்பு இழப்பும் இருந்தால் அது இரண்டாம் நிலை என்பது ஈறுநோய்களையும் இம்பிளாண்ட் நோய்களையும் வகைப்படுத்திய 2017ஆம் ஆண்டின் உலகப் பயிலரங்கில் ஏற்கப்பட்ட அளவுகோல். லேசரைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டு, இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரைக் காணச் செல்லும்போது, இம்பிளாண்ட்டின் நிறுவனப் பெயரும் அளவும் எழுதிய அட்டையையும், கிரௌன் (இம்பிளாண்ட்டின் மேல் வைக்கும் செயற்கைப் பல்) பொருத்திய காலத்து ஊடுகதிர்ப் படத்தையும் கொண்டுசெல்லுங்கள். சிங்கப்பூருக்கு வெளியே, சென்னையிலோ ஜொகூரிலோ இம்பிளாண்ட் வைத்துக்கொண்டவர்கள் இவற்றைக் கட்டாயம் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். கிரௌனைக் கழற்ற வேண்டியிருந்தால் அதற்குப் பொருந்தும் திருகாணிக் கருவி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதால், பெயர் தெரியாத இம்பிளாண்ட் மருத்துவரின் நேரத்தையும் உங்கள் பணத்தையும் வீணாக்கும். நீரிழிவு இருந்தால் அண்மைய மூன்று மாதச் சர்க்கரை அளவைத் தெரிவியுங்கள். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரைகள், எலும்புத் தேய்வுக்கான மருந்துகள் ஆகியவற்றை ஒன்று விடாமல் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

ஈறுநோய் நிபுணரா என்பதைச் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் மானியக் கட்டணம் பெறப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் உதவும். அறுவை சிகிச்சையாக அமையும் பல் மருத்துவத்துக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தைப் பயன்படுத்தலாம். ஈறைத் திறக்காமல் லேசர் ஒளியை மட்டும் செலுத்தும் சிகிச்சை அந்த வகையில் சேராமல் போகலாம் என்பதால், செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள்.

இனி லேசர். எல்லா லேசரும் ஒன்றல்ல. 2940 நானோமீட்டர் அலைநீளமுள்ள எர்பியம் யாக் ஒளியை நீர் மிக வலுவாக உறிஞ்சுகிறது. கிருமிப் படலத்திலும் பற்காரையிலும் (இறுகிப்போன படிவு) உள்ள நீர் நொடியில் ஆவியாகி வெடிப்பதால் அவை பெயர்ந்து விழுகின்றன, கூடவே பீய்ச்சப்படும் நீர் உலோகத்தைக் குளிர்விக்கிறது. டயோடு லேசர் கிருமிகளைக் குறைக்க உதவலாம், ஆனால் இறுகிய பற்காரையைப் பெயர்க்காது. நியோடைமியம் யாக் தவறான அளவில் செலுத்தப்பட்டால் டைட்டானியத்தின் மேற்பரப்பையே உருக்கக்கூடும். எலும்பு 47 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை ஒரு நிமிடம் தாங்கினாலே சேதமடையும் என்பதால், எந்த லேசர், நீர் பீய்ச்சப்படுமா, இம்பிளாண்ட்டின் திருகு மரைகளுக்கிடையே வேறு எதைக் கொண்டு சுத்தம் செய்வீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். வழக்கமான சுத்திகரிப்பைவிட லேசர் தெளிவாக மேலானது என்று ஆய்வுகள் இன்னும் ஒருமித்துக் காட்டவில்லை. அது ஒரு துணைக்கருவியே. கத்தியில்லை, தையலில்லை, ஒரே அமர்வில் குணம் என்று உறுதி கூறும் விளம்பரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சிகிச்சை நாளில் மரத்துப்போகும் ஊசி போடப்படும். அறையிலுள்ள அனைவரும், நீங்கள் உட்பட, அந்த லேசரின் அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். எலும்பு இழப்பு அதிகமாயின் ஈறைத் திறந்து, அழற்சித் திசுவை அகற்றிவிட்டு, கிண்ணம்போல் குழிந்த இடத்தில் எலும்புத் தூள் நிரப்புவார்கள். ஈறுக்கடியில் சிக்கிக் கிடக்கும், கிரௌனை ஒட்டப் பயன்படும் பல் சிமெண்ட்டும் நோய்க்குக் காரணமாகலாம். அதையும் தேடி அகற்றினார்களா என்று கேட்பது நல்லது.

பிறகு சில நாள்கள் கஞ்சி, இட்லி போன்ற மென்மையான உணவை மறுபக்கத்தில் மெல்லுங்கள். குளோர்ஹெக்சிடின் வாய்கழுவியைச் சொன்ன நாள்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நீண்டநாள் தொடர்ந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். புகைப்பதை நிறுத்துங்கள். ஈறு ஆறியதும் கம்பியில் பிளாஸ்டிக் பூசிய பல்லிடுக்குத் தூரிகையை, அளவைச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு வாங்கி, நாள்தோறும் கிரௌனின் இருபுறமும் செலுத்துங்கள். லேசர் நீக்கிய படலம் சுத்தம் செய்யாத வாயில் மீண்டும் உருவாகிவிடும் என்பதால், சிகிச்சையின் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்களுக்குள் ஆழமும் இரத்தக் கசிவும் மறுபடி அளக்கப்பட வேண்டும். முன்பு குறித்து வைத்த எண்களோடு அவற்றை ஒப்பிடுங்கள். அதன்பின் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்குச் செல்லுங்கள். இடையில் பல் ஆடினால் உடனே செல்லுங்கள். கிரௌனின் திருகாணி மட்டும் தளர்ந்திருந்தால் இறுக்கிவிடலாம். இம்பிளாண்ட்டே ஆடினால் அதை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை, அப்போது எந்த லேசருக்கும் பணம் கட்டாதீர்கள்.