பழைய தியேட்டர் ஆர்கனைச் சீரமைக்கும்போது செய்யக்கூடாதவை

மௌனப் படக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய தியேட்டர்களில் பக்கச் சுவருக்குள் ஓர் இசைக்குழுவே ஒளிந்திருந்தது. ஒரே ஆள் வாசிப்புக் கட்டைகள் உள்ள கன்சோலில் உட்கார்ந்து வாசிப்பார்; சுவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான குழல்கள் காற்றில் பாடும். அதுதான் தியேட்டர் ஆர்கன். நியூயார்க் மாநிலத்தின் நார்த் டொனவாண்டாவில் இருந்த வர்லிட்சர் கம்பெனி மட்டுமே இப்படி 2,200க்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்தது. பேசும் படம் வந்தபின் பலவற்றைப் பூட்டி வைத்தார்கள், சிலவற்றைப் பிரித்து விற்றார்கள். மிஞ்சிய ஒன்று கைக்குக் கிடைத்தால், ஆர்வத்தில் அவசரப்பட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

முதல் அவசரம் சுவிட்சில் தொடங்கும். "சத்தம் வருதான்னு பார்ப்போம்" என்று காற்று ஊதும் ப்ளோயரை ஓட்டிவிடுவார்கள். பல ஆண்டு சேர்ந்த தூசி காற்றோடு போய் வால்வுகளில் அடைக்கும், காய்ந்த தோல் கிழியும், எண்ணெய் இல்லாத பேரிங் தேயும். பருத்தி நூல் சுற்றிய பழைய வயர்களுக்குச் சரியான ஃபியூஸ் இல்லையென்றால் தீப்பிடிக்கவும் கூடும். முதலில் சுத்தம், அப்புறம் எண்ணெய், அப்புறம்தான் மின்சாரம். மோட்டார் த்ரீ ஃபேஸ் என்றால் சுழலும் திசையையும் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினாலும் காற்று வரும், அழுத்தம்தான் ஏறாது. அது புரியாமல் காற்றைச் சேர்த்து வைக்கும் பெரிய துருத்தியின் ஸ்பிரிங்கை இறுக்கப் போனால் கோளாறு இரண்டாகிவிடும்.

பிரிக்கும்போது ஞாபகத்தை நம்பாதீர்கள். பத்து வரிசை உள்ள நடுத்தர ஆர்கனிலேயே 700க்கு மேல் குழல்கள் இருக்கும். ஒவ்வொரு வயருக்கும் சீட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் புகைப்படம் வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் திரும்பப் பூட்டும் நாளில் இதன் அருமை தெரியும்.

இனி பசை. என்னைக் கேட்டால் எல்லாத் தவறுகளிலும் மன்னிக்க முடியாதது இதுதான். கன்சோலில் ஒரு கட்டையை அழுத்தினால் மின்காந்தம் ஒரு குட்டி வால்வைத் திறக்கும். தோல் ஒட்டிய சின்னத் துருத்தியில் உள்ள காற்று வெளியேறி, அது சுருங்கிக் குழலின் அடிவால்வை இழுக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற இந்தத் துருத்திதான் உண்மையில் வேலை செய்கிறது. பழையதைக் கையில் எடுத்து மடிப்பை லேசாக விரித்தால் செம்பழுப்புத் தூள் விரலில் ஒட்டும். தோல் அந்த அளவுக்கு உளுத்திருக்கும். நிலக்கரிப் புகை சூழ்ந்த நகரங்களில் காற்றிலிருந்த கந்தகமே தோலை அரித்தது.

அன்றைய தொழிலாளிகள் இதை விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையால் ஒட்டினார்கள். சூடும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும். பழைய தோலை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டலாம். பின்னால் ஒருவர் மறுபடி திறப்பார் என்று நினைத்தே செய்த வேலை அது. அந்த இடத்தில் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைப் பூசினால் மரத்துக்குள் ஊறிவிடும். அடுத்த முறை மரத்தையே சுரண்ட வேண்டும், அதன்மேல் வச்சிரமும் பிடிக்காது. தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் படலம் போடுவதும் வேண்டாம். 1960களில் சில ஆர்கன் தயாரிப்பாளர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். தோல் உழைத்த காலத்தில் ஒரு பகுதிகூட அது தாங்கவில்லை. தடித்த தோலும் ஆகாது, சுரம் தாமதமாகப் பேசும். கெட்ட பத்துத் துருத்திகளை மட்டும் மாற்றுவதும் வீண் மிச்சம். மற்றவையும் அதே வயதுதான். துருத்திகள் இருக்கும் காற்றுப்பெட்டியை மறுபடி மறுபடி இறக்க வேண்டிவரும்.

குழல்களில் பல ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை, மெத்தென்று இருக்கும். வாய்ப்பகுதியைப் பிடித்துத் தூக்கினால் உதடு வளையும், குரல் மாறும். சுருதி சேர்க்கக் குழலை வெட்டுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். நாக்குக் குழல்களில் அதிர்ந்து ஒலி தரும் பித்தளை நாக்கின் வளைவு கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அதைத் துணியால் துடைத்தாலே கெட்டுவிடலாம். நாயனக்காரர் தன் சீவாளியைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள் அது. தெரிந்த கைவினைஞரிடம் அனுப்பிவிடுங்கள்.

காற்றழுத்தத்தைக் காதால் தீர்மானிக்காதீர்கள். தேவாலய ஆர்கனுக்கு மூன்று நான்கு அங்குல நீரழுத்தம், அதாவது தண்ணீரை அவ்வளவு உயரம் தள்ளும் காற்று, போதும். வர்லிட்சரில் 10 அங்குலம் சாதாரணம், பித்தளை வாத்தியம்போல் ஒலிக்கும் சில குழல்களுக்கு 15. தண்ணீர் ஊற்றிய வளைகுழாயால் அளந்து பார்த்து, அந்தக் குழல்களுக்குக் குரல் அமைத்த அளவுக்கே கொண்டுவர வேண்டும்.

கட்டைகளின் சைகையைக் குழல்களுக்குப் பிரித்தனுப்பும் பழைய ரிலேக்குப் பதில் கணினிக் கட்டுப்பாடு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழையதைக் குப்பைக்கு அனுப்பாமல் சீட்டு ஒட்டி அங்கேயே வையுங்கள்.

சுருதி சேர்ப்பது கடைசி வேலை. குரலை நடுங்க வைக்கும் ட்ரெமுலன்ட்டை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். அறையின் வெப்பம், கூட்டம் நிறைந்த காட்சி நேரத்து அளவில் நிலைத்த பிறகே தொடங்குங்கள். குளிர்ந்த காலையில் சேர்த்துவிட்டுப் போனால், மாலைச் சூட்டில் நாக்கில்லாத சாதாரணக் குழல்கள் எல்லாம் சுருதியில் மேலே ஏறிவிடும். நாக்குக் குழல்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும்.