நாய் சாப்பிடாமல் கிடக்கும் வரை காத்திருக்காதீர்கள்

எங்கள் வன்னிப் பக்கத்தில் நாயை மிருக வைத்தியரிடம் கொண்டு போவது என்றால், அது மூன்று நாளாகச் சோற்றைத் தொடாமல் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே சுருண்டு கிடக்கிற கட்டத்தில்தான். பிறகு ஓட்டோ பிடித்து, கிறவல் ரோட்டில் குலுங்கி, ஏ9 வீதிக்கு ஏறி, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய்ச் சேரும்போது டொக்டர் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. கிட்ட அரச கால்நடை வைத்தியர் இருப்பார்தான், ஆனால் நாங்கள் போகிற நேரம் பார்த்து அவர் எங்கேயோ கன்று போட முடியாமல் கிடக்கிற மாட்டுக்குப் போயிருப்பார். குறை சொல்லவில்லை. வைத்தியர் தூரம் என்பதால் முன்கூட்டியே செய்கிற வேலை ரவுணில் இருப்பவர்களை விட எங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

பார்வோவில் இருந்து தொடங்குகிறேன், குட்டிகளைச் சத்தியும் வயிற்றோட்டமுமாகக் கொல்லுகிற வைரஸ் வருத்தம் அது. இதை நான் இரண்டு குட்டி கொடுத்துப் படித்தேன். முதல் குட்டி முழங்காவிலில் சொந்தக்காரர் வீட்டில் இருந்து வந்தது, இரண்டு மாதம் இருக்கும். சின்னன்தானே, ஊசி பிறகு போடலாம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் விடிய நுரை நுரையாகச் சத்தி, பின்னேரம் இரத்தமாக வயிற்றோட்டம். அந்த நாற்றத்தை ஒருக்கால் மணந்தவர்களுக்கு மறக்காது. இரண்டாம் நாள் முடிந்தது. கொஞ்ச மாதம் கழித்து இன்னொரு குட்டி கொண்டு வந்து அதே மாமரத்துக்குக் கீழே கட்டினேன், அதற்கும் அதே கதை. "அந்த இடத்தில ஏதோ தோஷம்" என்றா அம்மம்மா. யோசித்துப் பார்த்தால் அவ சொன்னது சரிதான், பார்வோ வைரஸ் நிழலான மண்ணில் மாதக்கணக்கில், சிலவேளை ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சீமெந்துத் தரை என்றால் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடலாம். மண்ணுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. அந்த வீட்டுக்கு அடுத்த குட்டி வரமுதல் ஊசி எல்லாம் போட்டு முடித்திருக்க வேண்டும்.

பார்வோவோடு வேறு சில வருத்தங்களுக்கும் சேர்த்துப் போடுகிற கூட்டு ஊசியின் கணக்கு இதுதான்: ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால், கடைசி ஊசி பதினாறு கிழமைக்கு முன்னால் முடியக் கூடாது. ஏன் இத்தனை தரம் என்று கேட்பீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அதுவே ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது, அது எந்தக் கிழமையில் தேயும் என்று குட்டிக்குக் குட்டி வித்தியாசம். ஒரு ஊசியோடு நிறுத்தினால் போட்டும் போடாத மாதிரி. ஒரு வருடத்தில் இன்னொன்று. எலிக்காய்ச்சலுக்கான பகுதியை மட்டும் வருடா வருடம் போடுங்கள், காலபோகத்தில் வயல் வரம்பில் எங்களுக்கு முன்னால் ஓடுகிற நாய்க்கு அது கட்டாயம். மருந்தை நீங்களே பாமசியில் வாங்கிக் கொண்டு போவதாக இருந்தால் ஐஸ் வைத்த றெஜிபோம் பெட்டியில் கொண்டு போங்கள், அது 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டிய சாமான். மோட்டார் சைக்கிள் பையில் வெயிலில் வந்த ஊசி வெறும் தண்ணீர்.

விசர்நாய்த் தடுப்பூசி வேறு, அதையும் இதையும் குழப்பாதீர்கள். அது அரசாங்கம் இலவசமாகப் போடுவது. உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் எப்போது எந்த இடத்தில் என்று சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு தரம், பூனைக்கும் சேர்த்து. உலக விசர்நாய்க்கடி தினம் செப்டெம்பர் 28, எனக்கு நினைவு வைக்க லேசு என்பதால் அந்தத் திகதி வந்தால் ஊசி அட்டையை எடுத்துப் பார்ப்பேன். எங்கள் நாய் வளவை விட்டுப் போகாது என்பவர்களுக்கு ஒன்று: நரியும் கீரியும் வளவுக்குள் வரும். உங்களை ஒரு மிருகம் கடித்தால், கீறினால் கூட, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் அப்பி வீட்டில் இருக்காதீர்கள். குணங்குறி தொடங்கினால் பிறகு அந்த வருத்தத்துக்கு மருந்து இல்லை.

வயிற்றுப் பூச்சி மருந்து குட்டிக்கு இரண்டு கிழமையில் தொடங்கலாம், பலர் நினைப்பதை விட முந்தி. எட்டுக் கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒருக்கால், ஆறு மாதம் வரை மாதம் ஒருக்கால், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருக்கால். அளவு நிறையைப் பொறுத்தது, கண்மட்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. நெல்லு நிறுக்கிற தொங்கு தராசு இருந்தால் குட்டியைச் சாக்குக்குள் தலை வெளியே தெரிய வைத்துக் கொளுவி நிறுக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன், அதுவும் ஊஞ்சல் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். இது பிள்ளைகளுக்காகவும்தான். நாய் மலம் கழித்த மணலில் வெறுங்காலோடு விளையாடினால் கொக்கிப்புழுக் குஞ்சு தோலுக்குள் ஏறி, கோடு கோடாகக் கடித்துச் சிவக்கும்.

இனி உண்ணி. வன்னியில் நாய் வளர்ப்பவர் பாதி நேரம் உண்ணியோடுதான் சண்டை. கிழமைக்கு ஒருநாள், பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போது, நாயைத் திண்ணையில் படுக்க வைத்து விரலால் தடவிக்கொண்டே போங்கள். காது மடலின் உட்பக்கம், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டிக்குக் கீழே, வாலடி. இரத்தம் குடித்து ஊதினது சாம்பல் நிறத்தில் பயறு மாதிரித் தட்டுப்படும், அது லேசு. கால்விரல் இடுக்கில் எள்ளுப் போல ஒட்டியிருக்கிறதுகள்தான் தப்பிவிடும். சின்னச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நகத்தால் நசுக்க வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போடுங்கள். மண்ணெண்ணெய், பீடி நெருப்பு எல்லாம் வேண்டாம்.

நாயில் இருக்கிறதைப் பிடுங்கினால் மட்டும் முடியாது. வயிறு நிரம்பின உண்ணி நாயில் இருந்து கழன்று சுவர் வெடிப்பு, பழைய சாக்கு, கட்டில் கால் என்று ஏறிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நாய் படுக்கிற சாக்கை எரியுங்கள், சுவர் வெடிப்பைப் பூசுங்கள். நாய்க்கு மாதத்துக்கு ஒருக்கால் கொடுக்கும் மாத்திரையோ முதுகில் விடும் துளி மருந்தோ டொக்டரிடம் கேட்டு வாங்குங்கள். விலைதான், ஆனால் உண்ணிக் காய்ச்சல் வந்தபிறகு வைத்தியத்துக்கு அலைகிற செலவு அதை விடக் கூட. முரசை விரித்துப் பாருங்கள்: இளஞ்சிவப்பு இல்லாமல் வெளிறி இருந்தால், அல்லது சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போனால், அன்றைக்கே கொண்டு போங்கள்.

வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கரைத்து நாயைக் குளிப்பாட்டுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். உண்ணியும் சாகும், நாயும் சாகும். என் கண்ணால் பார்த்தது, நாய் வாயில் நுரை தள்ளி வலித்துக்கொண்டு விழுந்தது.

பெட்டை நாய்க்குக் கருத்தடை ஊசி மலிவு என்று திரும்பத் திரும்பப் போடுவதும் எனக்கு விருப்பமில்லை, கர்ப்பப்பையில் சீழ் கட்ட அது காரணமாகலாம். ஒருக்கால் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

பூனைக்கும் ஊசி, பூச்சி மருந்து எல்லாம் உண்டு, ஆனால் நாயின் மருந்து பூனைக்கு ஆகாது. பெர்மெத்ரின் உள்ள நாய் உண்ணி மருந்து பூனையைக் கொல்லும், நாய்க்குப் பூசின அன்று இரண்டையும் ஒன்றாகப் படுக்க விடாதீர்கள். காய்ச்சல் என்று பூனைக்குப் பரசிற்றமோல் கொடுக்கவே கூடாது, ஒரு குளிசையே போதும் அதை முடிக்க. டொக்டரிடம் கொண்டு போகும்போது உரப்பையில் கட்டாமல், மூடியுள்ள பிளாஸ்ரிக் கூடையில் அதன் சொந்தப் படுக்கைத் துணியைப் போட்டு, மூடியை நாலு பக்கமும் கயிற்றால் கட்டுங்கள். நாலு பக்கமும் என்று சொன்னேன், இரண்டு பக்கம் கட்டி மாங்குளம் சந்தியில் பூனையைத் துரத்திக்கொண்டு ஓடியவன் நான்.