கிளாம்புக்கு பேட், மாட்ட ஒரு ஸ்டாண்டு: வீட்டிலேயே செய்யலாம்

பசை போட்ட பலகைகளை இறுக்கிப் பிடிக்க, நீளத் தண்டில் இரண்டு வாயும் ஒரு திருகும் உள்ள கருவிதான் எஃப் கிளாம்ப். பாரிமுனைக் கடைகளில் வாங்கும் எஃப் கிளாம்பின் வாயில் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். கொஞ்ச நாளில் அது எங்கேயாவது கழன்று விழுந்துவிடும். பிறகு வெறும் இரும்புதான் மரத்தைக் கடிக்கும். பள்ளம் விழுவதோடு போகாது. ஈரப் பெவிகால், இரும்பு, தேக்கு மூன்றும் ஒட்டிக்கிடந்தால் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் வினைபுரிந்து கருநீலக் கறை படியும். உப்புத்தாள் போட்டாலும் லேசில் போகாது.

இதைத் தடுக்க வாய்க்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பேட் வேண்டும். பேட் என்றதும் தடி ரப்பரைத் தேடாதீர்கள். திருகத் திருக அது பக்கவாட்டில் பிதுங்கும், ஒட்டிய பலகையையும் இழுத்துக்கொண்டு நகரும். முதுகு கெட்டியாக இருக்கட்டும், முகம் மட்டும் மெத்தென்று இருந்தால் போதும்.

6 மி.மீ. பிளைவுட் துண்டுகளை 2 அங்குலச் சதுரமாக வெட்டி, ஓரங்களைத் தேய்த்துவிடுங்கள். ஒரு முகத்தில் 2 மி.மீ. கார்க் ஷீட் ஒட்ட வேண்டும். ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்தபின் அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டினால் வழுக்கும். பழைய ஹவாய் செருப்பு அடியை மெல்லியதாகச் சீவியும் ஒட்டலாம். ஆனால் கறுப்பு ரப்பர் வேண்டாம், வெளிர்நிற மரத்தில் தடம் பதியும். கார்க் மேல் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் பிதுங்கிய பெவிகால் பிடிக்காது.

இனி, கிளாம்பில் நிற்க வைப்பது. பின்பக்கம் 3 மி.மீ. ஆழத்துக்குக் குழித்து, 10 மி.மீ. வட்ட காந்தத்தை அரால்டைட்டில் பதிப்பது சுத்தமான வழி. அலுமினிய வாய் என்றால் காந்தம் உதவாது. பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக நறுக்கி, பேடையும் வாயையும் சேர்த்து மாட்டுங்கள். பார்க்க அழகில்லை, வேலை நடக்கும்.

ஸ்டாண்டுக்கு 18 மி.மீ. பிளைவுட்டில் 4 அங்குல அகலப் பட்டை எடுங்கள். கிளாம்ப் தண்டின் தடிமனோடு 2 மி.மீ. கூட்டினால் காடியின், அதாவது தண்டு நுழையும் பிளவின் அகலம். இரண்டு கிளாம்பைக் கைப்பிடி இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்டுக்குத் தண்டு அளந்தால் காடிகளுக்கு இடைப்பட்ட இடைவெளி. முன்விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே டிரில் போட்டு, அதுவரை ரம்பத்தால் இரு கோடு அறுத்தால் காடி தயார். தண்டு காடிக்குள் போகும், மேல்வாய் பட்டைமேல் உட்காரும். முன்விளிம்பு சற்றே தூக்கியிருக்கும்படி முக்கோணக் கட்டைகளில் பொருத்துங்கள், இல்லையென்றால் கிளாம்ப் முன்னால் நழுவி வரும்.

சுவரில் மாட்டும்போது பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் பிளக் இறங்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் நல்ல கனம். வாடகை வீடா? வேலை மேசையின் பக்கவாட்டிலேயே திருகிவிடுங்கள். ‘ஜி’ எழுத்து வடிவிலுள்ள ஜி கிளாம்புக்கு ஸ்டாண்டே தேவையில்லை, ஒரு கட்டை விளிம்பில் கவ்வவிட்டால் போதும்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் வெளிச்சுவரைத் தவிருங்கள். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் ஓதம் காக்கும், இரும்பு துருவேறும். திருகில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடலாம். தண்டில் மட்டும் விடாதீர்கள். உராய்வு இருந்தால்தான் நகரும் வாய் பிடித்து நிற்கும்.