இமெயில் லைப்ரரிக்கு ஆவணம் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸின் எபேனில் புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் எழுதும் ஆவணங்களைப் படித்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. இமெயில் அனுப்பும் லைப்ரரி என்றால் கோளாறு பெரும்பாலும் இணைப்பு பாராமீட்டர்களில், அதாவது மெயில் சர்வரோடு இணைய நாம் கொடுக்கும் மதிப்புகளில்தான் இருக்கும். ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. எழுத்துப்பிழை, விட்டுப்போன காற்புள்ளி பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை எடிட்டரே காட்டிவிடும்.

‘செக்யூர்: பாதுகாப்பான இணைப்பு வேண்டுமானால் ட்ரூ’

செக்யூர் என்ற பாராமீட்டரை விளக்கும் இந்த வரியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். படிப்பவர் என்ன நினைப்பார்? ட்ரூ போட்டால் என்க்ரிப்ஷன் (மறையாக்கம்) உண்டு, ஃபால்ஸ் போட்டால் கிடையாது என்றுதானே? நோட் ஜேஎஸ்ஸுக்கான இமெயில் லைப்ரரியான நோட்மெய்லரில் அப்படி இல்லை. ட்ரூ என்றால் இணைத்த உடனேயே டிஎல்எஸ் எனும் என்க்ரிப்ஷன் முறை தொடங்கும். அது சர்வரில் இணையும் வாசல் எண்களில் (போர்ட்) 465க்கு உரியது. ஃபால்ஸ் என்றால் முதலில் சாதாரண இணைப்பு. நடுவில் டிஎல்எஸ்ஸுக்கு மாறும் ஸ்டார்ட்டிஎல்எஸ் வசதி உண்டு என்று சர்வர் சொன்னதும் அதே இணைப்பு டிஎல்எஸ்ஸுக்கு மாறும். போர்ட் 587 இப்படித்தான் வேலை செய்கிறது.

தைப்பூசக் காவடி விடுமுறைக்கு முந்தைய மாலை, ஒரு ஹோட்டல் முன்பதிவுத் தளத்திலிருந்து உறுதி மெயில் ஒன்றுகூடப் போகவில்லை. அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் சென்னையிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் பெண். ஆவணத்தில் இருந்த அந்த வரியை நம்பி ட்ரூ போட்டிருந்தார், போர்ட்டோ 587. லாகில் ‘ராங் வெர்ஷன் நம்பர்’ என்று வந்தது. நோட், ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டையும் அப்டேட் செய்துவிட்டார், எரர் போகவில்லை. வெர்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லைப்ரரி டிஎல்எஸ் பேச ஆரம்பிக்க, சர்வரோ 220 என்று தொடங்கும் சாதாரண வரவேற்பு வரியை அனுப்புகிறது. அதை டிஎல்எஸ் பதில் என்று எண்ணிப் படிக்கப்போய்த்தான் அந்த எரர்.

மாற்றிப் போட்டால் இன்னும் மோசம். 465இல் ஃபால்ஸ் போட்டால், லைப்ரரி 220க்காகக் காத்திருக்கும், சர்வர் டிஎல்எஸ்ஸுக்காகக் காத்திருக்கும். இரண்டும் பேசாது. டைம்அவுட் ஆகும்வரை லாகில் எதுவும் வராது.

அதனால் போர்ட்டையும் செக்யூரையும் தனித்தனியாக விளக்காதீர்கள். ‘465க்கு ட்ரூ, 587க்கு ஃபால்ஸ்’ என்று ஒரே வரியில் எழுதுங்கள். சர்வர் ஸ்டார்ட்டிஎல்எஸ் தராவிட்டால் மெயில் என்க்ரிப்ஷன் இல்லாமலே போய்விடும், அதைத் தடுக்க ரிக்வயர்டிஎல்எஸ் என்ற பாராமீட்டருக்கு ட்ரூ வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். பைதானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் பெயர்களே வேறு: யூஸ்டிஎல்எஸ் என்பது ஸ்டார்ட்டிஎல்எஸ், யூஸ்எஸ்எஸ்எல் என்பது தொடக்கத்திலேயே டிஎல்எஸ். ‘465 பழையது, தவிர்க்கவும்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 எனும் இணையத் தர ஆவணம் தொடக்கத்திலேயே டிஎல்எஸ் என்ற அந்த முறையைத்தான் பரிந்துரைக்கிறது.

டைம்அவுட்டுக்கு அலகு எழுதாமல் விடுவது

நோட்மெய்லரில் மில்லி விநாடி, பைதானின் மெயில் லைப்ரரியான எஸ்எம்டிபிலிபில் விநாடி. பைதானிலிருந்து வருபவர் 30 விநாடி என்று நினைத்து நோட்மெய்லரில் 30 போடுவார். மொரிஷியஸிலிருந்து ஐரோப்பாவில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்ப 30 மில்லி விநாடி போதவே போதாது. ஒரு இணைப்பும் நிற்காது. எதுவும் கொடுக்காவிட்டால் என்ன மதிப்பு என்பதையும் எழுதுங்கள். பிஎச்பிக்கான பிஎச்பிமெய்லரில் அது 300 விநாடி. எஸ்எம்டிபிலிபில் நாமாகக் கொடுக்காவிட்டால் வரம்பே இல்லை, புரோகிராம் அப்படியே தொங்கி நிற்கும்.

எடுத்துக்காட்டில் போர்ட் 25

பல கிளவுட் நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. 587 போடுங்கள்.

சர்வர் அசல்தானா என்று பார்க்கும் சான்றிதழ் சோதனையை அணைத்த எடுத்துக்காட்டு

வேண்டவே வேண்டாம். அப்படியே காப்பி செய்வார்கள்.

‘பாஸ்வேர்டு’ என்று மட்டும் எழுதுவது

ஜிமெயில் வைத்திருப்பவர் தன் கணக்கின் பாஸ்வேர்டையே போடுவார், உள்நுழைவு மறுக்கப்பட்டது என்று சொல்லும் 535 எரர் வரும். அங்கே வேண்டியது, செயலிகளுக்கென்று தனியாக உருவாக்கும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிய பிறகுதான் அதை உருவாக்க முடியும் என்பதையும் அந்த பாராமீட்டருக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.