சி.எஸ்.ஐ. ஆலயத் தமிழ் ஆராதனைக்கு முதன்முறை செல்வோருக்கான செய்முறை

பாளையங்கோட்டையிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் ஒன்றின் ஞாயிறு ஆராதனையில், சபை உறுப்பினராக இல்லாமல் கலந்துகொள்ள விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். அனுமதி எதுவும் கேட்க வேண்டியதில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதில் திருநெல்வேலி வட்டாரம் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்தது என்பதால், இங்கே ஆராதனை அச்சிட்ட ஒழுங்கின்படியே நடக்கும். புத்தகத்தைப் பின்தொடரத் தெரிந்தவருக்குக் கூச்சத்தில் பாதி குறைந்துவிடும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும் வழங்கும் சடங்கு, இல்லாத ஞாயிறே புதியவருக்கு எளிது. பல சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து நாளாக இருக்கும். நேரத்தையும் இதையும் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடம் முந்தைய நாளே கேட்டுக்கொள்ளலாம்.

எளிய, தூய உடை போதும். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். கிராமத்து ஆலயங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கங்களில் அமர்வதும், பெண்கள் முந்தானையால் தலையை மூடுவதும் இன்னும் வழக்கத்தில் உள்ளன. முதல் வரிசையில் மட்டும் அமராதீர்கள். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்பதை முன்னால் இருப்பவர்களைப் பார்த்தே அறிய முடியும்.

பெரும்பாலோர் தடுமாறுவது பாட்டுகளில்தான். சுவரில் உள்ள பலகையில் எண்களை மட்டுமே எழுதியிருப்பார்கள். ஆனால் மேலைநாட்டு மெட்டில் பாடப்படும் பாமாலைகளுக்கு ஓர் எண் வரிசையும், இராக தாளத்தோடு அமைந்த கீர்த்தனைகளுக்கு வேறோர் எண் வரிசையும் உண்டு. இரண்டும் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டிருந்தாலும் எண்கள் தனித்தனியே தொடங்கும். எனவே எண்ணுக்கு முன்னால் 'பா' என்றோ 'கீ' என்றோ எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில் பாட்டை அறிவிக்கும்போது எந்த வரிசை என்பதைக் கவனியுங்கள். ஆராதனை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே வந்து, பாட்டுகள் உள்ள பக்கங்களில் காகிதத் துண்டுகளைச் செருகிவைப்பது நல்லது. கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் எண்கள் உங்கள் சபைப் புத்தகத்தோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. கோயில்பிள்ளையிடம் கேட்டால் புத்தகம் கிடைக்கும்.

வேதாகமம் வாங்குவதாக இருந்தால், இந்திய வேதாகமச் சங்கம் வெளியிடும் பழைய மொழிபெயர்ப்பையே வாங்குங்கள். 1995இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் நடை எனக்குப் பிடிக்கும் என்றாலும், ஆலயத்தில் வேதாகமத்தின் முதல் நூலை 'ஆதியாகமம்' என்று சொல்லி வாசிப்பை அறிவிக்கும்போது அதில் 'தொடக்க நூல்' என்றிருப்பதால் பக்கம் தேடுவதற்குள் வாசிப்பு முடிந்துவிடும்.

காணிக்கைப் பை வரும்போது விரும்பியதைப் போடலாம். எதுவும் போடாமல் அடுத்தவரிடம் கொடுத்தாலும் எவரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

திருவிருந்து நாளில்தான் சென்றிருக்கிறீர்கள் என்றால், பெஞ்சின் ஓரத்தில் அமராமல் நடுவில் அமருங்கள். ஞானஸ்நானமும், அதன் பின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலும் பெற்றவர்கள் வரிசை வரிசையாக எழுந்து பீடத்தருகே சென்று முழங்காலிட்டு அப்பமும் ரசமும் பெறுவார்கள். ஓரத்தில் இருப்பவர் எழுந்தால் பின்னால் வருகிறவர்கள் அவரையும் சேர்த்து முன்னே நகர்த்திவிடுவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, தலை குனிந்து அமைதியாக இருந்தால் போதும். அறியாமல் முன்னே சென்றுவிட்டாலும் பதற வேண்டாம். கைகளை நீட்டாமல் கட்டிக்கொண்டு தலையசைத்தால் ஆயர் புரிந்துகொள்வார்.

பின்சேர்க்கை: வாசகர்கள் இரண்டு செய்திகளைக் கேட்டிருந்தார்கள். அறிவிப்பு நேரத்தில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வது சில சபைகளின் வழக்கம்; விருப்பமில்லாதவர் உட்கார்ந்தே இருக்கலாம். பண்டிகையையொட்டி அசனம் (சபையார் சேர்ந்து உண்ணும் பொது விருந்து) நடந்தால், மதம் பாராமல் வந்தவர் அனைவரையும் பந்தியில் அமர்த்துவார்கள். ஆனால் குழம்பு பெரும்பாலும் ஆட்டிறைச்சிக் குழம்பாகவே இருக்கும் என்பதால், சைவ உணவு உண்பவர்கள் இலையில் பரிமாறுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.