கேட்டுக்குள் அந்நிய வண்டி: அகற்றப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்

"கேட் முன் வாகனம் நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்." சென்னையில் இந்தப் பலகை இல்லாத தெரு குறைவு. எழுதியபடியே செய்கிறவர்களும் உண்டு. தீபாவளி நேரத்து தி.நகரில் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். கோபம் நியாயமானது. ஆனால் காற்றைப் பிடுங்கிய வண்டி உங்கள் வாசலில் இன்னும் கூடுதல் நேரம் நிற்கும். அதோடு, புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் புகாருக்கு ஆளாகிவிடுவீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 198-ஆவது பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. சட்டப்படியான அதிகாரமோ தகுந்த காரணமோ இல்லாமல், நிற்கிற வண்டிக்குள் ஏறினாலும், அதை நகர்த்தினாலும், பிரேக்கிலோ இயந்திரத்திலோ கை வைத்தாலும் 1,000 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்துக்கு முன் இது வெறும் 100 ரூபாயாக இருந்தது. வேண்டுமென்றே கண்ணாடியை உடைத்தாலோ, பெயின்டைக் கீறினாலோ விஷயம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆவது பிரிவுக்குப் போய்விடும். அதில் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. இடம் உங்களுடையதுதான், பத்திரமும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அதனால் அங்கே நிற்கும் வண்டியின் மீதும் உரிமை வந்துவிட்டதாக நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகளெல்லாம் கிளம்புகின்றன.

"தகுந்த காரணம்" என்ற சொல்லைச் சட்டம் சும்மா வைக்கவில்லை. மாடியில் ஒருவருக்கு மாரடைப்பு, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை என்றால், நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளி நிறுத்துங்கள். தீயணைப்பு வண்டிக்கும் அப்படியே. நேரமிருந்தால் முதலில் செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் போகிற நேரத்தில் ஓனரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்த தவறு, தெருவையும் காம்பவுண்டையும் ஒன்றாக நினைப்பது. வண்டி உங்கள் கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்றால் அது பொது இடம். நுழைவாயிலை மறித்து நிறுத்துவதை 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவின்படி, தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியையும் டோ செய்யவோ (இழுத்துச் செல்லவோ), வீல் லாக் (சக்கரப் பூட்டு) போடவோ சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துப்போன செலவு வண்டி உரிமையாளர் தலையில். ஆகவே 100-க்கோ 112-க்கோ போன் செய்தாலே போதும்.

கேட்டுக்கு உள்ளே நின்றால் கதை வேறு. 127-ஆவது பிரிவு பொது இடத்தைத்தான் பேசுகிறது. கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் உங்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கை அல்ல. போக்குவரத்துக் காவலர் "இது எங்க வேலை இல்லைங்க" என்று சொன்னால் அவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. சட்டம் ஒழுங்குக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். கார்களை இழுத்துப்போகும் தனியார் ரெக்கவரி வண்டியை நீங்களே வரவழைத்துவிட்டால் அந்த டிரைவருக்கு அதிகாரம் வந்துவிடாது. இழுக்கும்போது பம்பர் போனால் பதில் சொல்ல வேண்டியவர் கூப்பிட்டவர். வெளியாள் வண்டிக்கு குடியிருப்போர் சங்கமே வீல் லாக் மாட்டி 500, 1,000 என்று வசூலிப்பதும் இதே வகைதான். உறுப்பினர்கள் சங்க விதிகளுக்குக் கையெழுத்திட்டவர்கள்; வழிப்போக்கர் அப்படியல்ல.

உண்மையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பாடாய்ப்படுத்துவது ஒருநாள் வண்டிகள் அல்ல, வருடக்கணக்கில் தூசி படிந்து கிடப்பவை. வீட்டைக் காலி செய்தவர் விட்டுப்போன ஸ்கூட்டர், யாருடையதென்றே தெரியாத மாருதி 800. இதில் சங்கங்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது திருட்டு வண்டியாக இருக்கலாம், விபத்து வழக்கில் சிக்கியதாக இருக்கலாம், வங்கிக் கடன் முடியாததாகவும் இருக்கலாம். பதிவு பெற்ற ஸ்கிராப் மையங்களும் உரிமையாளரின் ஒப்புதலும் ஆர்.சி.யும் (பதிவுச் சான்றும்) இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது.

முதலில் எல்லா வீட்டாரிடமும், காலி செய்தவர்களிடமும் கேளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் முழுதாகத் தெரியாது. ஆனால் எந்த ஆர்.டி.ஓ., காப்பீடு உயிரோடு இருக்கிறதா, கடன் கொடுத்தது யார் என்பது பெரும்பாலும் தெரியும். கடன் இருந்தால் அந்த வங்கிக்கு எழுதுங்கள். உரிமையாளரைத் தேட அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. கண்ணாடியில் தேதியிட்ட நோட்டீஸ் ஒட்டிப் படமெடுங்கள். முகவரி கிடைத்தால் ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். "அதை நான் எப்பவோ வித்துட்டேனே" என்று அவர் சொன்னால், வாங்கியவர் விவரத்தை எழுத்தில் கேளுங்கள்.

பிறகு காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்; வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதால்தான் பல சங்கங்களின் புகார் காணாமல் போகிறது. திருட்டு வண்டி என்றோ குற்றத்தோடு தொடர்புடையது என்றோ சந்தேகம் எழுந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் போலீசார் அதைக் கைப்பற்றலாம். உரிமையாளர் தெரியாவிட்டால் அதே சட்டத்தின் 503-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோர 6 மாத அவகாசம் தருவார். உரிமையாளர் தெரிந்தும் எடுக்க மறுத்தால், வண்டியை அகற்றச் சொல்லி சிவில் நீதிமன்றத்தில் உறுத்துக் கட்டளை கேட்பதுதான் வழி. மெதுவான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் பிறகு யாரும் வந்து "என் வண்டி எங்கே?" என்று கேட்க முடியாத வழி.

உரிமையாளர் சம்மதமோ காவல்துறை உத்தரவோ கிடைத்த பிறகும் இழுக்கும் விதத்தில் தவறு நடக்கிறது. ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்றவற்றில் இன்ஜின் விசை முன்சக்கரங்களுக்குப் போகிறது; ஹேண்ட்பிரேக் பிடிப்பதோ பின்சக்கரங்களை. பூட்டிய காரின் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் பின் டயர்கள் உருளாமல் தரையில் தேயும். பின்பக்கத்தைத் தூக்கினால், கியரில் விட்டிருந்தால் முன்சக்கரம் சுழலாது. மின்சாரக் கார்களை, முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டை லாரியான பிளாட்பெட்டில் ஏற்றுவதே சரி. ஸ்டில்ட் கூரை தாழ்வாக இருப்பதால் பிளாட்பெட் உள்ளே வராது. நான்கு சக்கரத்துக்கும் அடியில் டாலி (சிறு சக்கரங்கள் வைத்த தாங்கி) வைத்து வெளியே உருட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். டாலி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் உள்ளேயும் தெரிய வீடியோ எடுத்து, எங்கே கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்று எழுதிய ரசீதில் டிரைவரின் கையெழுத்தையும் வாங்கி, சி.எஸ்.ஆர். நகலோடு சங்கக் கோப்பில் வையுங்கள்.