வெளிநாட்டுச் சிறையில் நம் பிள்ளை: தாதியர் குடும்பங்கள் செய்ய வேண்டியது

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தாதியர் படிப்பு முடித்து சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பிள்ளைகள் நிறைய. பால்மரம் சீவியவர்களின், செம்பனைக் குலை வெட்டியவர்களின் பிள்ளைகள். பெரும்பாலானோர் நல்லபடியாக வேலை செய்து தம்பி தங்கச்சியைப் படிக்கவைத்து வீடும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் மருத்துவமனை என்பது ஒரு நோயாளி இறந்தாலும், மருந்துக் கணக்கில் குறைந்தாலும் யாராவது பதில் சொல்லியாக வேண்டிய இடம். அந்தப் பழி வெளிநாட்டுக்காரர் தலையில் விழுவது சுலபம். அப்படி ஒரு நாள் போன் வந்தால் என்ன செய்வது என்று ஏஜெண்ட் சொல்லித்தர மாட்டார், கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் சொல்லப்போவது பாதி அதிலிருந்துதான் வருகிறது. 1999-இல் லிபியாவின் பெங்காசி நகரில் ஐந்து பல்கேரியத் தாதியரையும் ஒரு பாலஸ்தீன மருத்துவரையும் பிடித்து, குழந்தைகள் மருத்துவமனையில் நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே எச்ஐவி கிருமியை ஏற்றினார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். 2004-இல் மரண தண்டனை, 2005 டிசம்பரில் அது ரத்து, 2006 டிசம்பரில் மறுவிசாரணையில் மீண்டும் மரண தண்டனை. கடைசியில் 2007 ஜூலை 24 அன்று விமானத்தில் பல்கேரியத் தலைநகர் சோபியா வந்து இறங்கினார்கள். எட்டரை வருடம். அவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்பதைக் கீழே சொல்கிறேன். ஒரு நாடு ஒருவரை விடுவிக்க வேண்டுமானால், 'நாங்கள் தப்பு செய்தோம்' என்று சொல்லாமலே விடுவிக்க அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியைத் திறப்பதுதான் தூதர்களின் வேலை. நம் கோபத்தாலும் அவசரத்தாலும் அது அடைபடாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் வேலை.

சரி, பிள்ளை கிளம்பும் முன்பே செய்ய வேண்டியவை. வெளியுறவு அமைச்சின் இ-கொன்சுலர் தளத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள், இலவசம்தான். கடப்பிதழ், விசா, வேலை ஒப்பந்தம், தாதியர் வாரியச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள். அங்கே போன பிறகு நியமனக் கடிதம், வேலையில் சேர்ந்த தேதி, எந்த வார்டு என்ற விவரம், இக்காமா (சவூதி குடியிருப்பு அனுமதி அட்டை) நகல் இதெல்லாம் அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாத ஷிஃப்ட் அட்டவணையையும், மருத்துவமனை விதி அனுமதித்தால், தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். தேதிகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்கிறீர்களா? லிபிய வழக்கில் எச்ஐவி கிருமியைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான லுக் மொந்தானியேவும் இத்தாலிய நிபுணர் வித்தோரியோ கொலித்சியும் 2003-இல் கொடுத்த அறிக்கை சொன்னதே அதுதான்: தொற்று அந்தத் தாதியர் வேலைக்கு வருவதற்கு முன்பே மருத்துவமனையில் தொடங்கிவிட்டது, காரணம் சுகாதாரக் குறைபாடு. 2006-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த மரபணு ஆய்வும் அதையே காட்டியது. சேர்ந்த தேதியைக் காட்டும் ஒரு காகிதம் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

இனி, கைது செய்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையே போனில் பேசினால் அழுவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். 'என் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை, பிரிவு 36, இந்த உரிமையைத் தருகிறது. கைதானவரிடம் இந்த உரிமையைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டியது அந்த நாட்டின் கடமை, ஆனால் அவர் கேட்டால்தான் தூதரகத்துக்குத் தகவல் போகும், அதனால் கேட்டே ஆக வேண்டும். அடுத்தது, படிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. அடித்து வாங்கினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அதற்காகப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். அப்படி நடந்திருந்தால் தூதரக அதிகாரி வரும் முதல் சந்திப்பிலேயே உடம்பில் உள்ள காயத்தைக் காட்டி, மருத்துவப் பரிசோதனை கேட்டு, அதைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

குடும்பம் அன்றைக்கே புத்ராஜெயாவில் விஸ்மா புத்ராவின், அதாவது நம் வெளியுறவு அமைச்சின், தூதரக சேவைப் பிரிவுக்கும், அந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்துக்கும் போன் செய்ய வேண்டும். போனோடு நிறுத்தாதீர்கள். அதே விவரத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள்: பெயர், கடப்பிதழ் எண், எங்கே வேலை, எப்போது எங்கே பிடித்தார்கள், ஏதாவது நோய் இருக்கிறதா, என்ன மருந்து சாப்பிடுகிறார். பேசிய அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். எப்போது நேரில் பார்ப்பீர்கள், என்ன குற்றச்சாட்டு, வழக்கறிஞர் பட்டியல் தருவீர்களா என்று கேளுங்கள். தூதரகத்தால் சிறைக் கதவைத் திறக்க முடியாது, வழக்கறிஞராக வாதாடவும் முடியாது, கட்டணமும் கட்டாது. ஆனால் பார்க்கலாம், கடிதம் கொண்டுபோகலாம், விசாரணையில் போய் உட்காரலாம். ஒரு நாட்டின் அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நீதிபதிக்கும் போலீசுக்கும் தெரியும், அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

அங்குள்ள வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் தேவைப்பட்டால், இங்கே கையெழுத்திட்டு, விஸ்மா புத்ராவில் சான்றுறுதி வாங்கி, பிறகு கோலாலம்பூரில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்திலும் முத்திரை வாங்க வேண்டியிருக்கும். 'எனக்கு மேலிடத்தில் ஆள் தெரியும், இவ்வளவு வெள்ளி கொடுங்கள், அடுத்த வாரம் பிள்ளை வீட்டில்' என்று யாராவது வருவார்கள். நிச்சயம் வருவார்கள். ஒரு காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம், சத்தம் போடுவதா அமைதியாக இருப்பதா என்ற கேள்வி. முதல் ராத்திரியே முகநூலில் போட்டுவிட வேண்டும் என்று உறவினர்கள் துடிப்பார்கள். தூதரக அதிகாரி ஒருமுறையாவது பிள்ளையைப் பார்க்கும்வரை பொறுங்கள் என்பது என் கருத்து. குற்றச்சாட்டு இன்னும் பதிவாகாத நிலையில் அமைதியாகப் பேசியே அனுப்பிவிடும் வாய்ப்பு இருக்கிறது, செய்தி பெரிதானால் பின்வாங்குவது அவர்களுக்குக் கஷ்டம். ஆனால் வாரக்கணக்கில் சந்திக்க விடவில்லை, அடிக்கிறார்கள், மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. அப்போதும் பிள்ளையைப் பற்றிச் சத்தமாகப் பேசுங்கள், அந்த நாட்டின் தலைவர், மதம், நீதிமன்றம் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். வை.பி.யின், அதாவது உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின், சேவை மையத்துக்குப் போய் மக்களவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் மின்னல் எப்.எம் வானொலிக்கும் ஒரே ஒருவர் பேசட்டும், ஆளாளுக்குப் பேசி முரண்பட்டால் அது நீதிமன்றத்தில் திரும்பி வரும்.

தாதி என்பதால் நமக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மலேசியத் தாதியர் சங்கத்துக்கு எழுதுங்கள், அவர்கள் வழியாக ஜெனிவாவில் உள்ள அனைத்துலகத் தாதியர் மன்றத்துக்குப் போகலாம். லிபிய வழக்கில் அந்த மன்றமும் உலக மருத்துவச் சங்கமும் விடாமல் குரல் கொடுத்தன. 2006-இல் நோபல் பரிசு பெற்ற 114 பேர் லிபியத் தலைவர் கடாபிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். இதெல்லாம் லிபிய நீதிமன்றத்தை அசைக்கவில்லை, உண்மைதான், அடுத்த மாதமே மீண்டும் மரண தண்டனை கொடுத்தார்கள். ஆனால் ஐரோப்பிய அரசுகள் இனி பேசாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்தது. ஜெனிவாவிலேயே ஐநாவின் தன்னிச்சைக் காவல் பற்றிய பணிக்குழு இருக்கிறது, உள்நாட்டு மேல்முறையீடு முடியும்வரை காத்திராமல் குடும்பமே அதற்கு முறையீடு அனுப்பலாம்.

மறுபக்கத்துக் குடும்பத்தை மறக்கவே கூடாது. இதைத்தான் நம்மவர்கள் கோபத்தில் விட்டுவிடுகிறார்கள். பெங்காசியில் நோய் பிடித்தது நிஜமான பிள்ளைகளுக்கு, பலர் இறந்தும் போனார்கள், அந்தத் தாய் தகப்பனுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கு மருத்துவமும் இழப்பீடும் கிடைக்க ஒரு அனைத்துலக நிதி அமைத்தார்கள். குழந்தைக்குச் சுமார் பத்து லட்சம் டாலர் என்று முடிவானதும், 2007 ஜூலை 17 அன்று மரண தண்டனை ஆயுள் தண்டனையானது. லிபியாவும் பல்கேரியாவும் 1984-இல் போட்ட ஒரு பழைய கைதிகள் ஒப்பந்தத்தை எடுத்து, மீதித் தண்டனையைச் சொந்த நாட்டில் கழிக்கட்டும் என்று அனுப்பினார்கள். சோபியாவில் இறங்கியதும் அதிபர் பர்வனோவ் மன்னிப்பு வழங்கினார். லிபியா அதற்குப் பிறகு கண்டனம் தெரிவித்தது, தன் தீர்ப்பு தவறென்று சொல்லவில்லை. ஆனாலும் ஆறு பேரும் வீட்டில் இருந்தார்கள்.

ஏமனில் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கொன்றதாக மரண தண்டனை பெற்ற கேரளத் தாதி ஒருவரின் வழக்கையும் பாருங்கள். ஏமன் தலைநகர் சனாவில் இந்தியத் தூதரகமே இயங்கவில்லை. 2025 ஜூலை 16 என்று தேதி குறித்த தண்டனை முந்தின நாள் தள்ளிப்போனது. கேரளத்து இஸ்லாமிய மார்க்க அறிஞர் காந்தபுரம் அபூபக்கர் முஸ்லியார் ஏமனில் உள்ள மார்க்க அறிஞர்கள் மூலம் பேசிப் பார்த்தார். ஆனால் இறந்தவரின் சகோதரர் மன்னிப்பில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார், குற்றவாளியைப் பாதிக்கப்பட்டவர் போலக் காட்டும் செய்திகள் தங்களைப் புண்படுத்தின என்றும் சொன்னார். இரத்த ஈட்டுத்தொகை வாங்கி மன்னிக்கும் வழக்கம் உள்ள நாடுகளில் அந்தக் குடும்பத்தின் மனம்தான் கடைசி நீதிமன்றம். மலேசியா இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்பு நாடு, நம் ஊரிலேயே தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசல் நிர்வாகம் இருக்கிறது. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். தூதரகத்திடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசினால் கெட்டுவிடும்.

தாமதிக்காதீர்கள் என்பதற்கு நமக்குத் தெரிந்த வேதனையான உதாரணம் சிங்கப்பூர். போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்ட நம் பேராக் இளைஞருக்காக 2021 நவம்பரில் பிரதமர் இஸ்மாயில் சப்ரி கடிதம் எழுதினார், மாமன்னரும் முறையிட்டார், 2022 ஏப்ரலில் தூக்கிலிட்டுவிட்டார்கள். எல்லா மேல்முறையீடும் முடிந்து தேதி குறித்த பிறகு எவ்வளவு பெரிய கையெழுத்துக்கும் இடம் குறைவு. விசாரணை தொடங்கும் முன்பே அரசாங்கத்தைப் பேசவையுங்கள்.

கூட ஒரே அறையில் அடைபட்டவர் வேறு நாட்டுக்காரராக இருந்தால் அவரை விட்டுவிட்டு வராதீர்கள். அந்தப் பாலஸ்தீன மருத்துவருக்காகப் பேச ஒரு வலுவான அரசு இல்லை. பல்கேரியா 2007 ஜூனில் அவருக்குத் தன் குடியுரிமையைக் கொடுத்தது, அதனால்தான் அவரும் அந்த விமானத்தில் ஏற முடிந்தது. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசியோடு (சிவப்பு அடையாள அட்டையோடு) ஆயுள் முழுக்க அலைந்த தாத்தா பாட்டிகளைப் பார்த்த தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்டனை உறுதியாகிவிட்டால் கைதிகள் இடமாற்றத்தைப் பற்றிக் கேளுங்கள். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அந்த நாட்டோடு ஒப்பந்தம் உண்டா என்று விஸ்மா புத்ரா சொல்லும். இதற்கிடையில் பிடிபிடிஎன் கல்விக் கடன், கார் கடன் எல்லாம் நிற்காமல் ஓடும். வங்கிக்கு எழுதித் தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். கோயிலில் நிதி திரட்டினால் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, கணக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

பிள்ளை வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் மைக்கை நீட்ட விடாதீர்கள். முதலில் டாக்டர், காயங்களுக்கு எழுத்தில் அறிக்கை, பிறகு தூக்கம். அந்தப் பாலஸ்தீன மருத்துவர் விடுதலையான பிறகு ஐநா மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டு, லிபியா தன்னைச் சித்திரவதை செய்தது என்ற முடிவை 2012-இல் பெற்றார். அதற்கு அந்த மாதிரி அறிக்கைகள் வேண்டும். மீண்டும் வேலைக்குப் போக நினைத்தால் தாதியர் வாரியத்தில் வருடாந்திரத் தொழில் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், அதைப் புதுப்பிக்கும்போது இடைவெளிக்கான காரணத்தைத் தூதரகத்தின் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.